காலில் விழாத காட்சி

1

என் அக்கா சினிமாவில் நடித்திருக்கிறாள். ஒரே ஒரு காட்சிதான், நான்கு நிமிடம்கூட வராது. ஆனாலும் இந்த வரியை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து, வீட்டுக்குள் இரண்டு நடை நடந்துவிட்டு வந்துதான் அடுத்த வரியைத் தொடுகிறேன். படம் வெளியாகி ஏழு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அடங்கவில்லை.

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். திண்டுக்கல்லில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையும் இல்லை. ஓர் இன்ஸ்பெக்டர். வழக்கை முடிக்க அவருக்கு ஆள் வேண்டும், யாராக இருந்தாலும் சரி. அந்தப் படம்தான்.

நான் ஜெர்மனியில் ஹாகன் என்ற ஊரில் முதியோர் இல்லமொன்றில் நர்ஸாக இருக்கிறேன். வந்து எட்டு ஆண்டுகள். ஒருநாள் காலை இடைவேளையில் அக்கா வாட்ஸாப்பில் நாளிதழ் விளம்பரத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். மேலே பெரிதாகப் போலீஸ் தொப்பி. கீழே வலது மூலையில், கட்டைவிரல் அளவுக்கு, டிபன் கேரியரோடு ஒரு பெண். அது மும்தாஜ் அக்கா.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த பிர்கிட்டிடம் ஓடினேன். "பிர்கிட்! என் அக்காவுக்கு அன்ட்சைகே வந்திருக்கு! போலீஸ்! ஊர் முழுக்கத் தெரிஞ்சுபோச்சு!" என்று ஜெர்மனில் கத்தினேன்.

பிர்கிட் கோப்பையைக் கீழே வைத்தாள். என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மூலிகைத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்து, "உனக்கு நல்ல வக்கீல் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்த மொழியில் விளம்பரத்துக்கும் போலீஸ் புகாருக்கும் ஒரே சொல்தான். அது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதித் தேறியிருக்கிறேன். சந்தோஷத்தில் மறந்துபோனது. விளக்கம் சொன்னதும் பிர்கிட் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து அறைகளுக்கு மாத்திரை கொண்டு போகும்போதுதான் உறைத்தது. பிர்கிட் கேட்டது முழுக்கத் தப்பில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு புகார் உண்டு. அதில் என் பெயரும் உண்டு.

2

அக்காவின் கணவர் ஜாபர் மச்சான் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பதனிட்ட தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவினால் போதும், முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். கிடங்குக்காரர்கள் அவர் விரலை நம்பி விலை பேசினார்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிடங்கில் இருந்து லாரியோடு தோல் காணாமல் போனது. மேலிடத்து நெருக்கடி. இன்ஸ்பெக்டருக்கு அந்த வாரமே ஆள் காட்ட வேண்டும். தோலின் மதிப்பு தெரிந்தவன்தான் எடுத்திருப்பான் என்று ஒரு யோசனை. செவ்வாய்க்கிழமை காலை கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சானை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லை" என்றார்கள்.

அக்கா டிபன் கேரியரோடு ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலையில் இருந்து பொழுது சாய்கிற வரைக்கும். வேலை முடிந்து நானும் போய்க் கூட நின்றேன். வியாழக்கிழமை காலை பிலோமினா மேடம் என்ற வக்கீலைப் பிடித்து மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தாள். மனுப் போன தகவல் ஸ்டேஷனுக்கு எட்டிய ஒரு மணி நேரத்தில், அவர்களே மச்சானை அரசு மருத்துவமனையில் கொண்டுவந்து இறக்கினார்கள். வலது கட்டைவிரல் நசுங்கியிருந்தது. இரண்டு உள்ளங்காலும் வீங்கிக் கறுத்திருந்தன.

அங்கேயே ஒரு தாளை அக்காவிடம் நீட்டினார்கள். விசாரணைக்கு வரும் வழியில் பைக்கில் இருந்து தவறி விழுந்ததால் ஏற்பட்ட காயம், யார் மீதும் புகார் இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, மடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மதியம் ஸ்டேஷன் ரைட்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் அப்போது ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். வாராவாரம் மதுரைக்குப் பஸ்ஸில் போய் ஜெர்மன் படித்து, தேறி, வேலை ஒப்பந்தம் கையில் வந்திருந்த நேரம். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

ரைட்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

"தங்கச்சிதானம்மா? நர்ஸு? நல்லது. இந்தா, இது ஒங்க பாஸ்போர்ட்டுப் பேப்பரு. இது ஒங்க மச்சான் பேப்பரு. ரெண்டும் இன்னிக்கே முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

இரண்டு தாளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். பைக்கில் இருந்து விழுகிறவருக்கு உள்ளங்காலில் காயம் வராது என்று ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? தெரியும். அன்று காலை அரசு மருத்துவமனையில் அந்த உள்ளங்கால்களைத் துடைத்துவிட்டதே நான்தான். இருந்தும் கையெழுத்துப் போட்டேன். உறவினர், சாட்சி என்று இருந்த இடத்தில், என் முழுப் பெயரை எழுதி.

திருடியது வேறு ஆட்கள் என்று மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது. அதற்குள் நான் விமானம் ஏறிவிட்டேன். மச்சான் பெயரில் வழக்கு நிற்கவில்லை. ஆனால் மச்சான் இன்ஸ்பெக்டர் மேல் கொடுத்த புகார் கோர்ட்டில் நகராமல் கிடந்தது. அதற்கு எதிர்த்தரப்பு காட்டிய முதல் ஆவணம் என் கையெழுத்து.

மச்சானின் கட்டைவிரலில் உணர்ச்சி திரும்பவே இல்லை. தோல் கிடங்குப் பக்கம் அவர் போவதில்லை. அக்கா விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். மச்சான் துணைக்கு நின்றார். அக்கா என்னிடம் அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாரம் இரண்டு முறை பேசுவோம். மச்சான் திரையில் எட்டிப் பார்த்து, "நல்லாருக்கியாம்மா?" என்பார். பதில் வருவதற்குள் போன் அக்கா கைக்குப் போய்விடும்.

3

இனி சினிமா. இந்தப் பகுதியை அக்கா வாயால் பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகிறது, எனக்குச் சம்மதம்தான்.

வேடசந்தூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு நூல் மில்லில் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி போட்டுப் படம் எடுத்தார்கள். இயக்குநர் தேன்மொழி அந்தப் பக்கத்துப் பெண்தான். அவள் அம்மா மில்லில் வேலை பார்த்தவர். அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு அக்காவிடம் சொன்னார்கள். பிரியாணி, தால்ச்சா, பச்சடி. அக்காவும் மச்சானும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மச்சான் செட்டைப் பார்த்ததும் வேனைவிட்டு இறங்கவில்லை. அக்கா இறங்கி, பெரிய பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

கதாநாயகி சென்னைப் பெண். புருஷனை விடச் சொல்லி இன்ஸ்பெக்டர் காலில் விழுந்து கதறுகிற காட்சி. ஒருமுறை விழுந்தாள். இரண்டாம் முறை விழுந்தாள். மூன்றாம் முறை விழும்போது அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்பிடியெல்லாம் விழுக மாட்டாங்கம்மா."

அறுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தேன்மொழி எழுந்து வந்தாள்.

"யாருங்கக்கா நீங்க?"

"பிரியாணி கொண்டாந்தவ."

"என்ன தப்புன்னு சொல்லுங்க."

அக்கா பயந்துபோயிருக்கிறாள். ஆனால் வாயைத் திறந்தாகிவிட்டது.

"கால்ல விழுகணும்னா மொதல்ல அந்த ஆளு உள்ள விடணும்ல? படியேறவே விட மாட்டாங்க. கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கணும். ரெண்டு நாளு நின்னவ சொல்றேன். அப்புறம், அழுகவும் கூடாது. அழுதா உள்ள இருக்கவருக்குக் கேக்கும். அவரு ஒடஞ்சுருவாரு."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"கத்துனேன்."

"என்னன்னு?"

"என்ன சமைச்சுக் கொண்டாந்திருக்கேன்னு. சோறு கொண்டாந்திருக்கேன், கத்திரிக்கா வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன், முட்டை அவிச்சிருக்கேன், பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருச்சுகன்னு. சோத்த வாங்க மாட்டாங்க, அது தெரியும். எங் கொரலு உள்ள போகணும்ல. நான் வெளிய நிக்கேன்னு அவருக்குத் தெரியணும்ல."

தேன்மொழி அன்று அந்தக் காட்சியை எடுக்கவில்லை. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவள் அக்காவோடு வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினாள். அடுத்த நாளும் வீட்டுக்கு வந்தாள். அதற்கடுத்த நாளும். கதையில் பாதியை மாற்றி எழுதினாள். கதாநாயகி காலில் விழுகிற காட்சி போய்விட்டது. பதிலுக்கு, ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே அவளுக்கு முன்பே நிற்கிற இன்னொரு பெண் வந்தாள். அழாதே, கத்து என்று சொல்லிக்கொடுக்கிற பெண். அந்த வேஷத்துக்கு வேறு ஆள் தேடவில்லை.

இதையெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல நான் சந்தோஷத்தில் குதித்தேன். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொன்னாயா? தங்கச்சியைப் பற்றியும் சொன்னாயா? கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

4

இங்கே தமிழ்ப் படம் பார்ப்பது சுலபமில்லை. டோர்ட்முண்ட் நகரத்தில் ஈழத்துக்காரர்கள் தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஒரே ஒரு காட்சி போடுவார்கள். சனிக்கிழமை காலை பதினொரு மணி. நானும், என் கணவர் அன்வரும், மகள் ஹனாவும் ரயிலில் போனோம்.

ஹனாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் அவள் பெயரை ஜெர்மன் பெயர் மாதிரி எழுதுகிறார்கள், அவளும் திருத்துவதில்லை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். ஊருக்குப் பேசும்போது மட்டும் "பெரியம்மா, நல்லா இருக்கேன், சாப்டேன்" என்று மூன்று வார்த்தை. அதற்கு மேல் அவளிடம் தமிழ் கிளம்பாது.

டிக்கெட் மேசையில் வெள்ளைத் தாடியோடு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார்.

"எத்தினை பேர் பிள்ளை?"

"மூணு பேருங்கய்யா." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "இந்தப் படத்துல எங்க அக்கா நடிச்சிருக்காங்க."

"உண்மையாவோ!" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

விளக்கு அணைவதற்கு முன் மனிதர் திரைக்கு முன்னால் போய் நின்றார். "எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு எங்களுக்கு ஒரு பெருமை. இந்தப் படத்தில நடிச்ச ஒராளின்ர தங்கச்சி இஞ்ச வந்திருக்கிறா. எழும்பு பிள்ளை!"

எழுந்தேன். இருநூறு பேர் இருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். ஹனா பெருமை தாங்காமல் என்னைப் பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் சூடாக இருந்தது. தங்கச்சிக்குக் கைதட்டுகிறார்கள். எந்தத் தங்கச்சி என்று இவர்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடுமோ?

படம் தொடங்கியது. இன்ஸ்பெக்டராக நடித்தவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. அவ்வளவு நன்றாக நடித்தார். கத்தவே மாட்டார். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, எவன் பெயரை எந்த வழக்கில் எழுதுவது என்று சொல்வார். பிடித்து வந்தவர்களிடமே மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசுவார். ஓர் ஏட்டு, பொய்யாக எழுத மாட்டேன் என்று ஒரு தடவை பேனாவைக் கீழே வைப்பார். அடுத்த காட்சியில் எடுத்துவிடுவார். தியேட்டரில் சத்தமே இல்லை.

பிறகு அந்தக் கேட் வந்தது. வெயில். நடுவில் என் அக்கா, பன்னிரண்டு அடி உயரத்தில்.

"பெரியம்மா!" என்று ஹனா கத்திவிட்டாள். யாரும் அதட்டவில்லை.

கதாநாயகி அழத் தொடங்கும்போது அக்கா அவள் கையைப் பிடித்து, "ஏ பிள்ள, அழுகாத. அழுதா அவருக்குக் கேக்கும். கத்து. என்ன சமைச்சேன்னு கத்து" என்றாள். பிறகு, எப்படிக் கத்துவது என்று காட்டுவதற்காக, தலையை நிமிர்த்தி ஸ்டேஷன் ஜன்னலைப் பார்த்து, "கத்திரிக்கா வெஞ்சனம் கொண்டாந்திருக்கேன்!" என்றாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற வெஞ்சனத்தைக் கீழே ஆங்கிலத்தில் வெறும் 'கர்ரி' என்று போட்டார்கள். அது என் அக்கா நடித்த குரல் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கேட்டில் நான் நேரில் கேட்ட குரல். பக்கத்து இருக்கை அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தேன்.

அடுத்து மருத்துவமனை. தாளை நீட்டுகிறார்கள். கதாநாயகி படித்து, மடித்து, திருப்பிக் கொடுக்கிறாள். ரைட்டர் அதை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறார். மேசையில் வைக்கிறார். இப்போது அவர் யாரையோ கூப்பிட்டனுப்புவார். கதவு திறக்கும். நர்ஸ் உடையில் ஒருத்தி வருவாள்.

ரைட்டர் தாளை இழுப்பறையில் போட்டு மூடினார். காட்சி மாறியது.

அவ்வளவுதான். படம் முடிகிற வரைக்கும் தங்கச்சி வரவில்லை. அந்தக் கதாநாயகிக்குத் தங்கச்சியே இல்லை.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது, ஒரு நிமிடம். பிறகு குடும்பப் புகைப்படத்தில் என் முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே வரும்போது முகம் தெரியாதவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

5

ரயிலில் ஹனா கேட்டாள், ஜெர்மனில்: "இதெல்லாம் பெரியப்பாவுக்கு நடந்ததா?"

"ஆமா."

"அப்போ நீ எங்கே இருந்தாய்?"

அவள் தொடக்கப் பள்ளியில் படிக்கும்போது ஒரு போலீஸ்காரம்மா வகுப்புக்கு வந்து, போலீஸ் உங்கள் நண்பன், உதவியாளன் என்று சொல்லிக்கொடுத்து, இருட்டில் மின்னும் கைப்பட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பட்டையைக் குளிர்காலம் முழுக்கக் கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை. இவளிடம் எதிலிருந்து தொடங்குவது? அன்வர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அந்தக் கையெழுத்தைப் பற்றி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னேன். தமிழில் தொடங்கி, அவளுக்குப் புரியாத இடத்தில் ஜெர்மனுக்கு மாறி, அதில் சொல் கிடைக்காத இடத்தில் மறுபடி தமிழுக்கு வந்து, இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அந்தத் தாள் இன்னும் இருக்கா?"

"இருக்கு. கோர்ட்டுல."

"அப்போ அது பொய் என்று யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவளுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்த கையோடு அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். பின்னால் மிக்ஸி ஓடியது.

"பாத்தியாடி? எப்பிடி இருந்துச்சு? சேலை நல்லா இருந்துச்சுல? சின்னாளப்பட்டிச் சேலை, என்னோடதேதான், அவுக குடுத்தத நான் கட்டலை."

"அழகா இருந்தே அக்கா. எல்லாரும் கைதட்டினாங்க." பிறகு கேட்டேவிட்டேன். "அக்கா, என்னைய ஏன் அதுல சொல்லலை?"

மிக்ஸி நின்றது.

"ஒன்னையவா?"

"நான் கையெழுத்துப் போட்டது."

"அது போலீசப் பத்துன படம்டி. ஒன்னையப் பத்தி எடுக்கணும்னா அது வேற படம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்கா தொடர்ந்தாள்.

"தேன்மொழி கேட்டா. கூடப் பிறந்தவங்க இல்லையாக்கான்னு. ஒரு தங்கச்சி இருக்கா, வெளிநாட்டுல நர்ஸா இருக்கான்னேன். அதுக்கு மேல அந்தப் பிள்ளை கேக்கலை, நான் சொல்லலை."

"பிலோமினா மேடம் என்னைய எப்பவாச்சும் கேட்டாங்களா?"

அக்கா மிக்ஸி ஜாரைக் கழற்றி வைக்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டு வருஷமாக் கேக்குறாங்க. அந்தப் பேப்பரு பொய்யின்னு ஒன் தங்கச்சி வந்து சொன்னாப் போதும்மா, கேசு நிக்கும்னு. நீ பயப்படுவேன்னு நாந்தான் சொல்லலை."

அப்போது பின்னால் மச்சான் குரல் கேட்டது. படத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்திருக்கிறார். அவர் படம் பார்க்கவில்லை. தெருவே சேர்ந்து கூப்பிட்டும் போகவில்லையாம். "உள்ள இருந்து கேட்டவன் நான். வெளிய ஒக்காந்து வேற பாக்கணுமா?" என்றாராம். இப்போது அடுப்படியில் இருந்து, "அதுல கத்திரிக்கான்னு சொல்றாளாம்ல? மொத நாளு அவரைக்கா. மறுநாத்தான் கத்திரிக்கா" என்றார்.

அக்கா கத்தியது உள்ளே போயிருக்கிறது. ஒரு வார்த்தை விடாமல் போயிருக்கிறது. எட்டு ஆண்டுகளில் அவர் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னாள்.

"அக்கா, நான் வாரேன்" என்றேன். "மேடத்துக்கிட்டச் சொல்லு. சாட்சி சொல்ல வாரேன்."

6

சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே பயம் வந்துவிட்டது.

எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அப்போது அலுவலகத்தில் இருந்தது. இங்கே கடிதம் வந்தாலே எனக்குப் பதற்றம். அரசாங்கத்தில் இருந்து வரும் மஞ்சள் உறையா, சாதா வெள்ளை உறையா என்று இடுக்கு வழியாகப் பார்த்துத்தான் பெட்டியையே திறப்பேன். ஒரு படிவத்தில் கேள்வி இருக்கிறது: உங்கள் மீது எந்த நாட்டிலாவது விசாரணை உண்டா? பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று கோர்ட்டில் நானே சொன்னால் அது விசாரணையாகுமா? பிலோமினா மேடம் போனில் ஒளிக்காமல் சொன்னார்: "ஏன் பொய்யாப் போட்டேன்னு கேப்பாங்கம்மா. அதுக்கு ஒரு கேசு போடுவோம்னு மிரட்டவும் செய்யலாம். வந்தா நான் பாத்துக்கிறேன். ஆனா வராதுன்னு சொல்ல மாட்டேன்."

வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் வாங்கி, அன்வரையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வாரம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள். எண் அழைக்கப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த குட்டை முடியோடு ஓர் அதிகாரி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் அக்கா, ஸ்டேஷன், தாள், கையெழுத்து. இலக்கணம் எங்கெங்கோ போயிற்று.

அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே கேள்வி: "குற்றம் சாட்டப்பட்டவராகப் போகிறீர்களா, சாட்சியாகவா?"

"சாட்சியாக."

"அப்படியென்றால் இங்கே எழுத எதுவும் இல்லை. வேறு ஏதாவது வந்தால், வந்த பிறகு தெரியப்படுத்துங்கள்." ஃபைலை மூடினார். நான் எழும்போது கண்ணாடி வழியாகப் பார்த்து, "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்று அன்வரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினேன். அவர், "ரோட்டுல வச்சு அடிக்காத, புருஷனை அடிக்கிறான்னு இங்க போலீசு வந்துரும்" என்றார்.

7

இலையுதிர்கால விடுமுறையில் நானும் ஹனாவும் ஊருக்குப் போனோம். மச்சான் ஸ்டேஷனுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்குத்தான், வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாம்மா" என்றார். ஹனாவைப் பார்த்து, "ஏ அப்பு, இம்புட்டு வளந்துட்டா!" என்றார். அவள் புரியாமல் சிரித்தாள்.

படம் தியேட்டரை விட்டுப் போய் மாதக்கணக்காகியும் அக்காவுக்குப் பவுசு குறையவில்லை. காய்கறி மார்க்கெட்டில் அவளோடு நடந்தேன். நாலு கடைக்கு ஒரு கடையில், "வெஞ்சனம் அக்கா, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். ஒருவர் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி கேட்டார். அக்கா அலுத்துக்கொள்கிற மாதிரி காட்டிக்கொண்டு முந்தானையைச் சரிசெய்து நின்றாள். தாடிக்கொம்பில் இருந்து ஒரு கல்யாண வீட்டார், படத்தில் நடித்தவர்தான் சமைக்க வேண்டும் என்று கேட்டு வந்தார்களாம். ஹனா எல்லாவற்றையும் படமெடுத்து ஜெர்மன் சிநேகிதிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கோர்ட் நாள். புதன்கிழமை. எனக்கு முன்னால் நான்கு வழக்குகள். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரிதான் இருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூண்டில் ஏறினேன். பிலோமினா மேடம் தாளைக் காட்டினார். எட்டு ஆண்டு மஞ்சள் ஏறியிருந்தது.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமாங்க."

"இதில் எழுதியிருப்பது உண்மையா?"

"இல்லைங்க. பொய். அன்னிக்குக் காலையில எங்க மச்சான் உள்ளங்காலை நான்தான் துடைச்சுவிட்டேன். வண்டியில விழுந்த காயம் இல்லை அது. எனக்குப் பாஸ்போர்ட் வேணும்னு கையெழுத்துப் போட்டேன்."

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்றுதான் நினைத்தேன். அக்கா பின்வரிசையில் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் ஹனா.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சிரித்த முகம்.

"எட்டு வருஷம் ஜெர்மனியில நிம்மதியா இருந்திருக்கீங்க. இப்ப திடீர்னு உண்மை ஞாபகம் வந்துருச்சு. என்னம்மா, சினிமா பாத்தீங்களா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"ஆமாங்க சார், பாத்தேன்" என்றேன். "அந்தப் படத்துல நான் இல்லை. அதான் வந்தேன்."

சிரிப்பு நின்றது. நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தட்டச்சு செய்கிறவர் பக்கம் திரும்பி, "அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க" என்றார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் மேல் வழக்குப் போடுவார்களா என்பதும் தெரியாது. வழக்கு வந்தால் அந்த வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய் மறுபடி எண் வாங்கி உட்காருவேன். மேடம் மட்டும், இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக வழக்கு நேராக நிற்கிறது என்றார்.

வெளியே வராண்டாவுக்கு வந்தோம். மச்சான் என் பக்கத்தில் வந்தார். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்று, அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஹனாம்மா, அந்தப் படம் போன்ல வருமா? சாயங்காலம் போட்டுக்காட்டு, பாப்போம்" என்றார். ஹனா அத்தனையும் புரிந்த மாதிரி வேகமாகத் தலையாட்டினாள். "போட்டுக் காட்டுறேன் பெரியப்பா" என்றாள், சுத்தமான தமிழில்.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் படியிறங்க வந்தார். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்றார். அதே மரியாதையான குரல்.

"நல்லாருக்கீங்களாம்மா? ஊருக்குள்ள ஒங்க பேருதான் பெருசா இருக்காமே."

அக்கா அவரை நேராகப் பார்த்தாள்.

"நல்லாருக்கோம் சார். நீங்க படம் பாத்தீங்களா?"

"நமக்கு எங்கம்மா சினிமா பாக்க நேரம்."

"பாருங்க சார். நான் நல்லாப் பண்ணிருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒங்க வேஷத்துல வந்தவருந்தான் நல்லாப் பண்ணிருக்காரு. ஆனா ஒங்க அளவுக்கு இல்லை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். அக்கா சிரிக்கத் தொடங்கினாள். நானும் தொடங்கினேன். பிலோமினா மேடம் கோப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஹனாவுக்கு என்னவென்று தெரியாது. அவள்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். கோர்ட் வாசலில் இருந்த காவலர் ஓடி வந்து, "ஏம்மா, உள்ள ஐயா இருக்காரு, சத்தம் போடாதீங்க" என்றார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எட்டு வருஷமா இந்த வராண்டாவுல சத்தம் போடாமத்தான்யா நின்னேன். இன்னிக்கு ஒருநா விடுங்க."